தேர் போன பிறகும் ஓடிய நெட்

சத்தியவேடு
ஆடி மாதம்

அன்பு மகன் யஸ்வந்துக்கு அம்மா தாட்சாயணி எழுதுவது. இங்கே நான், உன் நைனா, தங்கை தரணி மூவரும் சுகம். குவைத் வெயிலில் நீயும் சுகமாக இருக்கத் திருச்சானூர் தாயாரை வேண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் பாதியில் உன் நைனா பிடுங்கிக்கொண்டு கதையைத் தன் பக்கம் திருப்பிவிடுவார். அதனால் ஊறுகாய்ப் பார்சலோடு இதையும் வைக்கிறேன், முழுதாகப் படி. அப்பனும் பிள்ளையும் தோற்றீர்கள், நான் ஜெயித்தேன்.

வீட்டுக்கு நெட் வைக்க வேண்டும் என்றபோது நீ என்ன சொன்னாய்? "கேபிள் டிவிகாரன்கிட்டயா நெட்டு வாங்குவ, இந்தியா பூரா இருக்கிற கம்பெனியா பாரும்மா" என்றாய். உன் நைனா ஒரு படி மேலே போய், "முனிரத்தினம் ஏணி தூக்கிக்கினு திரியறவன், அவனுக்கு இன்னா தெரியும்" என்றார். நான்தான் பிடித்த பிடியை விடாமல் அவனிடமே நெட் வாங்கினேன். முனிரத்தினம் நம் ஊர்க்காரன், கூப்பிட்டால் வருவான், வராவிட்டால் அவன் வாசலில் போய் நின்று திட்டலாம். பெரிய கம்பெனியை எந்த வாசலில் நின்று திட்டுவது?

பொன்னியம்மன் தேரன்றைக்குத்தானா தரணிக்கு அந்த பெங்களூர் கம்பெனியின் கடைசி இன்டர்வியூ வர வேண்டும்! வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பேச வேண்டுமாம், தேதியை மாற்றக் கேட்டாள், அவர்கள் ஒப்பவில்லை. இது கைவிட்டுப் போனால் புத்தூர் சம்பந்தத்துக்குச் சரி சொல்லிவிடுவதென்று உன் நைனா முடிவு கட்டியிருந்தது உனக்குத் தெரியும். பெண் சரியாகச் சாப்பிடவில்லை, எனக்கும் சோறு இறங்கவில்லை. நம் தெருவில் மற்ற எல்லோருக்கும் பெரிய கம்பெனி ஒயர்தான். அது தாழத் தொங்குகிறது, தேர் வந்தால் மாட்டும் என்று எதிர்வீட்டு ரூபா முன்கூட்டியே போன் செய்தாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இந்தியில் கொஞ்சம் தெலுங்கில் கொஞ்சம் சொல்லி, கடைசியில் ஒரு புகார் எண்ணைக் கொடுத்தார்கள். எண் வந்தது, ஆள் வரவில்லை. முனிரத்தினமோ காலையிலேயே மூங்கில் கழியோடு வந்து, "யக்கா, நீ பொண்ண ஒக்கார வை, ஒயர நான் பாத்துக்கறேன்" என்றான். தேர் நம் தெருவில் திரும்பியதும் அதற்கு முன்னால் நடந்து வந்து, தன் ஒயரைக் கழியால் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். கலசம் அதில் உரசாமல் அடியில் போனது. அடுத்துத் தொங்கிய பெரிய கம்பெனி ஒயர் கலசத்தில் சுற்றிக்கொண்டு அறுந்து விழுந்தது, தெருவே நெட்டு போச்சு நெட்டு போச்சு என்று அலறியது, கூட்டத்தில் செல்போனும் திணறியது. உள்ளே நம் தரணி மட்டும் தடங்கலில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். பம்பைச் சத்தம் கேட்டு அது என்னவென்று பெங்களூர்க்காரர்கள் விசாரிக்க, எங்கள் அம்மன் வாசலுக்கு வந்திருக்கிறாள் என்றாளாம், அவர்களும் சிரித்தார்களாம்.

நேற்று வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டதடா! நம் வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். உன் நைனா தானாகவே புத்தூருக்குப் போன் போட்டு, "எங்க பொண்ணுக்கு வேலை கெடச்சிகிது, கல்யாணப் பேச்சு இப்ப வேணாம், அது எப்ப சொல்லுதோ அப்பதான்" என்றார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று நின்று கேட்டேன்.

தங்கையைக் கூப்பிட்டு வாய் நிறைய வாழ்த்து. வேளைக்குச் சாப்பிடு, ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. தாயார் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருப்பாள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா,
தாட்சாயணி கோவர்த்தனன்