பச்சை ஆற்றில் பிரெண்டன்

சிகாகோ
மார்ச் 24

அன்பு மகள் நோரினுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், குளிர் விட்டதில் அம்மாவின் முழங்கால் வலி சற்றுத் தணிந்திருக்கிறது, பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஜெபம். போன வாரம் போனில் நீ "ஆறு நல்லா பச்சையாச்சாப்பா?" என்று கேட்டதும் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, சோடா ரொட்டி தீய்ந்துபோன கதையைச் சொல்லிப் பேச்சை மாற்றினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது உட்கார்ந்து படி.

உன்னோடு படித்த பிரெண்டன் டியர்னி, நம் தெருக்கோடி பெக்கின் ஒரே பிள்ளை, ஜனவரியில் ஹோட்டல் வேலை முடிந்து கிளம்பியவன் வீடு வந்து சேரவில்லை என்று அப்போதே சொன்னேன். அன்றிலிருந்து பெக் அவன் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டாத பாலம் இல்லை. வருஷா வருஷம் நாங்கள் ஆற்றில் பச்சைச் சாயம் கலக்கும் புனித பேட்ரிக் திருநாள் ஊர்வலத்தன்று காலையிலும் அவள் பாலத்துக்கு வந்திருந்தாள். பச்சைத் தொப்பியும் பச்சை மீசையுமாக ஆடிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் புகுந்து நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்ததைப் படகிலிருந்தே பார்த்தேன். சிலர் அதை வாங்கி விசிறிக்கொண்டார்கள்.

எப்போதும்போல முன்படகில் பையன்கள் சல்லடையால் பொடியைத் தூவினார்கள், ஆரஞ்சுப் பொடி தண்ணீரில் விழுந்து பச்சையாகப் பிரிந்தது, பின்னால் நானும் என்னோடு படகோட்டும் ஃப்ராங்கும் எங்கள் படகை வட்டமடித்து ஆற்றைக் கலக்கினோம். கரையெல்லாம் ஒரே ஆரவாரம். பாலத்தூண் பக்கம் திரும்பியபோது எங்கள் படகு கிளப்பிய அலையில் ஏதோ மேலே புரண்டது. மரக்கட்டை என்று நினைத்தேன். பிறகு தோள் தெரிந்தது, பிறகு முதுகில் டியர்னி என்று பெயர் போட்ட நம் பேட்டை ஹர்லிங் மட்டைப்பந்துக் குழுவின் சட்டை. நோரின், நான் கொக்கிக் கழியால் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். ஃப்ராங்க் வெளுத்துப்போய், "விட்டுடு மார்ட்டி, போலீஸ் படகு வந்து எடுத்துக்கும், டிவியில ஓடிட்டிருக்கு" என்றான். விழாக்காரர்களும் வாக்கி டாக்கியில், "நிக்காதீங்க, சுத்திட்டே இருங்க" என்று கத்தினார்கள். விட்டால் மறுபடி அடியில் போய்விடுவான், பெக் இன்னும் எத்தனை பாலத்தில் நோட்டீஸ் ஒட்டுவாள்? "எஞ்சினை அணைடா, இது நம்ம பெக் மகன்" என்றேன். ஃப்ராங்க் அணைத்தான். மேலே இருந்தவர்கள் ஏதோ வேடிக்கை காட்டுகிறோம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒருவன் "பெரிய மீனாப்பா?" என்று கேட்டான், அதற்கு ஒரு பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

என் மேல்கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தி, பாலத்தைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றேன். ஆனால் படகு நின்றதுமே பெக்குக்கு மனசு சொல்லிவிட்டதாம். போலீஸ் அவனைப் படித்துறையில் ஏற்றிக் கிடத்தியபோது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். "என் புள்ளையா மார்ட்டி?" என்றாள். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். முகத்தைத் திறக்கச் சொன்னாள். இப்போது வேண்டாம், பெட்டியில் வைத்த பிறகு பார்த்துக்கொள் என்று கெஞ்சினேன். "அவன் பொறந்தப்ப கொடி சுத்தி நீலம் பாரிச்சுக் கிடந்தான், அதையே பாத்தவ நான், திறடா" என்றாள். போலீஸ்காரரே திறந்தார். அவன் நெற்றியெல்லாம் பச்சை. கழுத்துத் துணியை எடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பிள்ளைக்குத் துடைப்பதுபோலத் துடைத்தாள். பச்சை போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் மேலே ஊர்வலம் கிளம்பி, குழல் வாத்தியம் ஊத ஆரம்பித்துவிட்டது.

பனிக்கட்டியில் சறுக்கி விழுந்திருக்கலாம் என்கிறது போலீஸ். வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை, இனித் தெரியப்போவதும் இல்லை. அடக்கம் வியாழக்கிழமை முடிந்தது, மழையிலும் கோயில் நிறைந்திருந்தது. அடுத்த வருஷம் படகுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக விழாக்காரர் ஒருவர் நயமாகச் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் இனி நான் ஏற மாட்டேன். சாப்பாடு மட்டும் சரியாக இறங்கவில்லை, அம்மா கஞ்சி வைத்துத் தருகிறாள், நீ பயப்படாதே.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பெக் வீட்டுக்குச் சாப்பாடும் பூவுமாக ஊரே வருகிறது, வந்தவர்கள் எல்லாம் "அந்தச் சம்பவம்", "அந்த நாள்" என்றே பேசிவிட்டுப் போகிறார்களாம். "என் பையனுக்குப் பேரே இல்லாத மாதிரி பேசறாங்க ரோஸ்மேரி" என்று நேற்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். நீ அவளுக்குப் போன் செய். ஆறுதல் வார்த்தை தேடாதே. கணக்கு வகுப்பில் அவன் உன் ஜடையை நாற்காலியில் கட்டியது, நீ அவனை அடித்துப் பல்லை ஆட்டியது, அதையெல்லாம் சொல். அழுகை வந்தால் அழு, ஆனால் அவன் பெயரைச் சொல்லிப் பேசு.

ஆண்டவர் உங்கள் மூவரையும் நிழல்போல் காப்பாராக. குழந்தையைத் தண்ணீர்ப் பக்கம் தனியாக விடாதே.

உன் அப்பா
மார்ட்டி டெவனி