தீவைச் சுற்றி ஒரே சாலை

நவுருத் தீவு,
9-8-1974

அன்புள்ள அம்மாவுக்கு, ராஜமேரி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே பஸ் இல்லை. வழியில் போகும் கார்க்காரர்கள் ஏற்றிக்கொள்கிறார்கள், காசு கேட்பதில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். நேற்று பாடம் நடத்தி முடித்து, பள்ளி விட்டு ஏறிய கார், என் விடுதிக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. “யோவ், நிறுத்துய்யா! எங்க கூட்டிக்கிட்டுப் போற? வூடு அந்தப் பக்கம்!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். ஓட்டிய பெரியவர் சிரித்தார். மகள் வீட்டில் மீனைக் கொடுத்துவிட்டு, அதே திசையில் போய் விடுதி வாசலிலேயே இறக்கினார். தீவைச் சுற்றி ஒரே சாலைதானாம்.

ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. இன்றும் தருமபுரி பஸ்ஸில் வருவதுபோல ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டே வந்தேன். பெரிய ஊக்காக நாலு அனுப்புங்கள், கொள்ளுப் பயறும் கொஞ்சம். அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

எந்தப் பக்கம் போனாலும் விடுதிதான் வருகிறது, நம்ம ஊர் கடத்தூர் வருவதில்லை. விமானத்துக்குத் தபால் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்,
ராஜமேரி