தூக்குவாளி வராத நோன்பு

அன்பு மகன் ஃபாயிஸுக்கு உம்மாவின் ஸலாம். தேங்காப்பட்டணத்தில் நோன்பும் வெக்கையுமாக நாங்கள் சுகம், அஜ்மானில் உன் உடம்பும் மனசும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வாப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, ரிஸ்மா பரீட்சைக்குப் படிக்கிறாள். போனில் சொன்னால் நடுவில் நீ விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கடற்கரை மணல் எடுக்கும் திட்டத்தைப் பற்றி ஊர் வாட்ஸ்அப் குழுவில் நீ பேசிப் போட்டதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். திட்டம் வேண்டும் என்பவர்கள் விவரம் தெரியாதவர்கள், மணல் எடுத்தால் நோய் வரும் என்கிற அறிக்கையை ஒரு தடவை படித்தால் மாறிவிடுவார்கள் என்றாயே, இத்தனை புத்தகம் படித்த நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேலிக்கு அப்பால் நின்ற ராஜையன் அண்ணனிடம் அதைப் படித்தீர்களா என்று கேட்டேன். முழுக்கப் படிச்சேன் பிள்ளே, ஒம் மவன் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல, ஆனா எப்பவோ வரப்போற தீனத்துக்குப் பயந்துட்டு, இப்ப வேலையில்லாம வீட்டுல கெடக்குத எம் மவன் சிஜின நான் என்ன செய்ய, ஏசியில இருந்துட்டு அவன் நமக்குப் பாடம் எடுக்கான் என்றார். அவருக்கும் உனக்கும் தெரிந்தது ஒன்றுதான் மகனே, பயம்தான் வேறு வேறு.

நோன்பு வந்தால் சிஜின் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்கு வந்து கஞ்சி வாங்கிப் போவான், நீ ஊரில் இருந்தபோது வரிசையில் உன்னோடு முட்டிக்கொண்டு நிற்பான். இந்த வருடம் வரவில்லை. வாப்பா வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்ததையும் அவன் அம்மா தங்கபாய் அக்கா, வயிறு சரியில்லை என்று திருப்பித் தந்துவிட்டாள்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு பைக்கில் சிலர் வாசலில் வந்து நின்றார்கள். முகம் தெரியாத ஒருவன் சிரித்துக்கொண்டே, உம்மா, ஃபாயிஸ் பெருநாளைக்கு எப்ப வாறான், அவன்கிட்ட கொஞ்சம் வெவரம் படிக்கணும் என்றான். அவன் பின்னால் சிஜின் உட்கார்ந்திருந்தான், தலையே தூக்கவில்லை. இந்த வருடம் உனக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போன பிறகு கதவுக் கொண்டியைப் போட்டுவிட்டு, மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.

நீ சொன்னது தப்பு என்று நான் எழுதவில்லை. சிஜினை ஒரு தடவை கூப்பிடு. அறிக்கை பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், வேலைக்கு என்ன செய்கிறாய் என்று மட்டும் கேள், சொல்வதை முழுக்கக் கேள்.

அல்லாஹ் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஸஹர் சாப்பிடாமல் நோன்பு பிடிக்காதே. உனக்கு லீவு இல்லை என்று அவர்களிடம் சொன்னேனே, நோன்பு வைத்த வாயால் சொன்ன பொய் அது. நீ வந்து அதைப் பொய்யாக்க வேண்டும் என்று ஒரு தொழுகையில் கேட்கிறேன், அது நிஜமாகிவிடட்டும் என்று அடுத்த தொழுகையில் கேட்கிறேன்.

உன் உம்மா,
இர்ஷாதா