உலை அணைந்த ஊரிலேயே இரு

சாய்ந்தமருது
வெள்ளிக்கிழமை, அசர் தொழுத பின்

அன்பு மகன் ஜவாதுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் ஜெனூபாவும் பேத்தி அம்ஹாவும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை துஆக் கேட்கிறேன். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய். சீனி வருத்தம் வாப்பாவின் இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது, வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம், ஆளை மட்டுப்பிடிக்கக் குரல் கேட்கவேண்டும். உன் தங்கச்சி மர்ஷூதாவுக்கு இது ஆறாம் மாதம், கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது, சொன்னாலும் உட்காரமாட்டாள். அவள் மாப்பிள்ளை றாஸிக் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு ஆட்டோ ஓட்டுகிறான், ஓட்டுகிறான் என்று பேர்தான், பாதி நாள் நிழலில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே நித்திரை.

நீ போனில் கதைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ வேலை செய்த அத்தனை பெரிய இரும்பு உலையை அணைத்துவிட்டார்கள் என்றாய். அந்த ஊரே இனி வேறு ஊராகப் போகிறதாம், ஒரு பக்கம் சாமான் அடுக்குகிற பெரிய ஸ்டோர்கள், ஒரு பக்கம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு மாடி வீடுகள், உலையை மட்டும் இடிக்காமல் சனம் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற இடமாக்கி, பழைய உடுப்பும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு நின்று, இரும்பு எப்படி உருகி ஓடியது என்று வருகிறவர்களுக்குச் சொல்ல உன்னைக் கேட்கிறார்களாம். அதற்கு நீ, நான் என்ன உம்மா கூட்டுக்குள்ள இரிக்கிற குரங்கா, ஊருக்கே வாறன் என்று கத்தினாய். வெட்கமாம் வெட்கம்! நெருப்புக்கு முன்னால் நின்று உன் புருவம் கருகியபோது ஒரு நாயும் வந்து என்ன என்று கேட்கவில்லை, இப்போது நாலு பேர் வந்து கேட்கிறார்கள் என்றால் சொல்லிவிட்டுப் போயேன் மகன்.

உம்மாட ஊட்ட வாறன் என்கிறாய். உம்மாவுக்கு ஏது வீடு? மர்ஷூதாவின் நிக்காஹ் அன்றே வளவும் வீடும் அவள் பெயருக்கு எழுதியாயிற்று, பெண்ணைப் பெற்ற எல்லாரும் நம் ஊரில் செய்வதுதானே. நானும் வாப்பாவும் குசினிப் பக்கம் இறக்கிய தகரக் கொட்டிலுக்குள் கிடக்கிறோம், குறையாகச் சொல்லவில்லை, மகள் நன்றாகப் பார்க்கிறாள். ஆண்பிள்ளைக்கு வீடு என்றால் பெண்சாதியின் வீடு. மருதமுனையில் ஜெனூபாவுக்கு அவள் வாப்பா கட்டிக்கொடுத்த அந்த வீட்டைத்தான் நீ வெளிநாடு போக விற்றோம். பாவம், ஒரு சொல் சொல்லாமல் கையெழுத்து வைத்தாள். இப்போது அவளையும் பிள்ளையையும் கூட்டிவந்து எந்த வாசலில் இறக்குவாய்? போன கிழமை ஒரு கலியாண வீட்டில் நானும் அவள் உம்மா ஸுலைஹாவும் ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தோம். மகனுக்கு வேலை இல்லையாமே என்று மட்டும் கேட்டா. வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஆனால் அவ பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது. வேலைக்கும் இங்கே வழியில்லை. நீ இரும்பை உருக்கிப் பழகின ஆள், இங்கே இரும்பு என்றால் கல்முனைக்குடி ஜெமீலின் பழைய இரும்புக் கடைதான், அவனே ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

அதனால் அந்த வேலையை எடு மகன். அந்தத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நில். ஜெனூபாவோடு எரிந்து விழாதே, அவளிடம் யோசனை கேட்டு நட. உன்னைப் பார்க்க எனக்கு ஆசையில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. உன்னைப்போல் ரோட்டில் யாரும் இருமினாலும் வாசல் வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கும், போட்டால் வாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். கடதாசி எடுத்த சத்தம் கேட்டே, என்ன கா எழுதிற என்றார். மகனுக்கு என்றேன். வரச்சொல்லி எழுது கா, கண் தெரியாட்டி என்ன, அவன்ட கையப் புடிச்சாக் காணும் என்றார். ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அல்லாஹ் உங்கள் மூவரையும் கண்ணேறு படாமல் காத்து, உன் உழைப்பில் பறக்கத் செய்வானாக. அம்ஹாவுக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே மகன். எழுதி முடித்ததும் வாப்பா வாசிக்கச் சொல்லுவார், வரச்சொல்லி எழுதியிருப்பதாகத்தான் வாசிப்பேன், ரப்பு என்னை மன்னிக்கட்டும். போனில் அவர் கேட்டால், இன்ஷா அல்லாஹ் வாறன் வாப்பா என்று மட்டும் சொல்லு. எந்த மாதம் என்று வாய்தவறியும் சொல்லிவிடாதே, நாள் எண்ணத் தொடங்கிவிடுவார்.

உன் உம்மா
ஸகியா