ஸ்கேனில் தெரியாத வலி

ஊரப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு,

நாகலக்ஷ்மி எழுதுகிறேன். உன் மாமியாராக இருந்தவள். என் நம்பரை நீ பிளாக் செய்தது நியாயம்தான். அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

ஸ்நேகாவுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். போன மாதம் பொத்தேரியில் மாமியார் வீட்டிலிருந்து தனியாக வந்து நின்றாள். உட்கார்ந்தால் வலி, ஒன்றுக்குப் போனால் எரிச்சல், புருஷன் கிட்டே வந்தாலே உடம்பு பூட்டிக்கொள்கிறது என்று அழுதாள். வார்த்தைக்கு வார்த்தை நீ சொன்னதுதான். அன்றைக்கு உன்னிடம் நடிக்காதே என்றேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு உன்னைப் பொய்க்காரி என்றேன். என் பெண் அழுதபோது மட்டும் உடனே ஆட்டோ பிடித்தேன்.

தாம்பரத்தில் அமலராணி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். தன் கையை இறுக்க மூடிக் காட்டினார். இடுப்புக்கு அடியில் தூளி மாதிரி தசைகள் தாங்கிக்கொண்டிருக்குமாம். சில பெண்களுக்கு அவை இப்படி இறுகியே கிடக்குமாம். "ஸ்கேன்ல தெரியாதும்மா. வேணும்னு யாரும் பண்றதில்ல. பயந்தா இன்னும் இறுகும். வீட்ல திட்டினா எப்படிச் சரியாகும்?" என்றார். ஸ்நேகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணியும் இதைத்தானேம்மா சொன்னாங்க?" என்றாள்.

இப்போது மூச்சுப் பயிற்சியும் தசையைத் தளர்த்தும் பயிற்சியும் செய்கிறாள். கொஞ்சம் தேவலை. வலிக்கும்போது அவள் மாமியாரே ஹாட் வாட்டர் பேக் நிரப்பிக் கொடுக்கிறாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பின்பக்க பாத்ரூமில் தண்ணீர் விழுந்தால் நீ உள்ளே இருப்பதாகவே தோன்றுகிறது. எத்தனை நிமிஷம் என்று மணி பார்த்துக் கதவைத் தட்டியவள்தானே நான். இப்போதும் அங்கே போய் நிற்கிறேன். நேற்று, "மெதுவா வாம்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கதவைத் திறந்துகொண்டு என் பிள்ளை கேஷவ் வந்தான். தலையைத் துவட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

திரும்பி வா என்று கூப்பிட எழுதவில்லை. கோர்ட்டில் முடிந்தது முடிந்ததுதான். உங்கள் ஊர் சேலத்தில் இதற்கு வைத்தியம் பார்க்கிறவர் யாரென்று விசாரித்துப் போ. வலியோடு இருக்காதே. உனக்கு வருகிற வரனெல்லாம் பழைய பேச்சால் தட்டிப் போகிறதென்று கேள்விப்பட்டேன். அந்தப் பேச்சைக் கிளப்பியவள் நான். நீ சொன்னது அத்தனையும் உண்மை. யார் கேட்டாலும் இந்தக் கடிதத்தைக் காட்டு. என்னிடமே கேட்கட்டும், சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும். அம்மா என்று கையெழுத்துப் போட எனக்கு முகமில்லை.

இப்படிக்கு,
ச. நாகலக்ஷ்மி