நீங்கள் நீட்டிய பைனாகுலர்

நானா,

இப்போது எழுதப்போவதைக் கண்டி மாநகரில் ஒரு பிறவியாவது நம்பினால், என் மீசையைச் சிரைத்துக்கொள்கிறேன்.

இன்று காலை மடவளையிலிருந்து உங்கள் மகன் வந்தான். "வாப்பா உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க, அங்கிள்" என்று உங்கள் பைனாகுலரைக் கையில் வைத்தான். மழையில் நீட்டினேன். ஒரு துளி ஒட்டவில்லை; ராஜாவைக் கண்ட குடிகள்போல் உருண்டோடின. நீங்கள் கண்ணை மூடி மௌத்தாகி நாற்பது நாள் ஆகியும் எனக்கு வயிறு எரிகிறது.

"தண்ணியும் ஒட்டாது, தூசியும் ஒட்டாது மச்சான். மேல என்னமோ பூசி ஈக்கி" என்று உங்கள் துணிக்கடையில் காட்டினீர்களே, அன்று பிடித்த எரிச்சல். நாம் பறவை பார்க்கப் போகும் ஹுன்னஸ்கிரிய மலைப் பனியில் என்னுடைய பைனாகுலர் மூக்கைச் சிந்தி அழும். இடுப்புச் சாரத்து நுனியால் நான் துடைத்து முடிப்பதற்குள் பறவைகள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பேரன் பேத்தியும் எடுத்துவிடும். நீங்களோ ஒரு ஊது ஊதிவிட்டு, "என்னா வடிவு!" என்பீர்கள்.

அதனால்தான் ஒரு நாள் அந்த மலையில், நீங்கள் தேத்தண்ணிப் பிளாஸ்கைத் திறந்த நேரத்தில், பாதையோரப் பலாவில் யாரோ காய் வெட்டிய இடத்தில் வடிந்த பாலை உங்கள் பைனாகுலர் கண்ணாடிகள் இரண்டிலும் தடவினேன். பலாப்பால் ஒட்டாத பொருள் ஈரேழு உலகத்திலும் உண்டா, பார்த்துவிடுவோம் என்று.

அந்த நேரம் பார்த்துப் பள்ளத்துக்கு அப்பால் அது வந்து அமர்ந்தது. சிவந்த அலகு, நீல வால் என்று நீங்கள் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்ற பறவை.

"அந்தா மச்சான்! நான் பத்துத் தரம் பாத்திட்டேன். நீங்க பாருங்க" என்று, உங்கள் கண்ணில் வைக்காமலே பைனாகுலரை என்னிடம் நீட்டினீர்கள்.

பார்த்தேன். பாயாசத்துக்குள் விழுந்த உலகம்.

"தெரியுதா?"

"ஆமா நானா! அலகு ரத்தம் மாதிரி. வாலு பெரஹரா ஊர்வலத்து யானைக்குப் போத்தலாம்!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்று உங்கள் பறவைக் கொப்பியில், அதைக் கண்டவனாக என் பெயரை எழுதினீர்கள். பறவை பறந்த பிறகு கண்ணாடியைப் பார்த்தீர்கள்; என்னைப் பார்த்தீர்கள்.

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் தப்பியிருப்பேன். எழுதியதை அடிக்கவும் இல்லை. அடுத்த கிழமை தேங்காயெண்ணெயில் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்தீர்கள்.

அந்தப் பறவையை இன்றுவரை நான் பார்த்ததில்லை, நானா. நீங்கள் பத்துத் தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டீர்கள். அன்று நான் அளந்ததில் அலகும் பொய், வாலும் பொய். நீங்கள் பார்க்காமல் எனக்கு நீட்டினீர்களே என்று, அளக்கும்போது என் குரல் உடைந்தது; அது மட்டும் மெய்.