சீத்தா இலையும் செவலையும்

மார்ச் 4

செத்துவிட்டன! தட்டில் இருந்த உண்ணிகள் அத்தனையும். சீத்தா இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுத்த சாறு. நேற்று அதில் ஒரு முக்கு முக்கினேன், இன்று ஒன்றுகூடக் காலை அசைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லாததால் தனியாகவே ஒரு குதி குதித்தேன்.

அக்காவுக்குச் சொல்ல வேண்டும். போன வருடம் உண்ணிக்கு விஷமருந்து அடிக்கும்போது அத்தான் தொழுவத்திலேயே மயங்கி விழுந்தார். அன்றே அந்த டப்பாவை அவள் பரண்மேல் ஏற்றிவிட்டாள். இப்போது சினையாக இருக்கும் செவலைப் பசுவுக்குக் காதெல்லாம், மடியெல்லாம் உண்ணி. "நீ ஏதாவது பண்ணுடி, இல்லேன்னா இந்த மனுஷன் மறுபடியும் டப்பாவை இறக்கிடுவாரு" என்று தினமும் போன்.

மார்ச் 5

அக்காவிடம் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாதோ? சரி, கொடுத்தாயிற்று.

மார்ச் 7

எங்கள் தலைமை டாக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் சல்லடை. எதைச் சொன்னாலும் சலித்துத்தான் எடுப்பார். இன்றும் சலித்தார்.

"இலை இல்லாம, வெறும் ஸ்பிரிட்ல முக்கினது என்னாச்சு?"

அந்தத் தட்டை நான் திறந்தே பார்க்கவில்லை. திறந்தேன். அதிலும் எல்லாம் செத்துக் கிடந்தன.

கொன்றது இலை இல்லை, ஸ்பிரிட். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. இதுல இவ்வளவு படிப்பு வேற!

நான் கூப்பிடுவதற்குள் அக்காவே கூப்பிட்டாள். செவலைக்கு மடியில் தோல் உரிகிறதாம். "கையை வச்சா உதைக்குது. நானா எதையோ பூசினேன்? நீ கொடுத்ததைத்தானே பூசினேன்?"

மார்ச் 9

அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 15

இந்த முறை ஸ்பிரிட்டே இல்லாமல், தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்த சாறு. உண்ணிகள் முங்கிக் குளித்துவிட்டு ஜம்மென்று நடக்கின்றன. "இந்த ஆய்வை மூடிடலாம்மா" என்றார் சல்லடை. தலையாட்டினேன். ஆனால் கொட்டி அழிக்க மனசு வரவில்லை. சாற்றில் முக்கியவற்றை ஒரு குப்பியிலும் வெறும் தண்ணீரில் முக்கியவற்றை இன்னொன்றிலும் போட்டு, பஞ்சால் அடைத்து, அலமாரிக்குள் தள்ளினேன்.

மார்ச் 16

உடம்பெல்லாம் ஏதோ ஊர்கிறது. உதறிப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

மார்ச் 22

அத்தான் பேசினார். அவர் போன் செய்வதே அதிசயம். "கன்னு போடற வரைக்கும் உங்கக்கா உண்ணியைக் கையாலேயே பொறுக்கறாளாம். அதுக்கப்புறம் நான் டப்பாவை எடுப்பேன். சொல்லிட்டேன்."

நாலு படி ஏறினாலே இன்னும் மூச்சு வாங்குகிற மனிதர் — என்ன சொல்லித் தடுக்கறது? என்கிட்ட என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல.

ஏப்ரல் 17

கழுவிவைக்கலாம் என்று குப்பிகளை எடுத்தேன். இரண்டிலும் உண்ணிகள் முட்டையிட்டுவிட்டுச் செத்திருந்தன. வெறும் தண்ணீர்க் குப்பியில் பொடிப்பொடியாய்க் குஞ்சுகள், பஞ்சு வரை ஏறி மொய்க்கின்றன. சாற்றுக் குப்பியில் முட்டைகள் சுருங்கிப் பழுப்பேறி அப்படியே கிடக்கின்றன. தேடிப் பார்த்தால் ஒன்றிரண்டு குஞ்சு.

செத்ததா செத்ததா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்! தாய் உண்ணி எப்படியும் மாட்டை விட்டு விழுந்து, சுவர் இடுக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகப்போகிறது. முட்டை பொரிக்காவிட்டால் அடுத்த கூட்டம் ஏது?

குதிக்கவில்லை. யாருக்கும் போன் செய்யவில்லை. "திரும்பப் பண்ணிப் பார்க்கணும் சார்" என்று நானே போய்ச் சொன்னேன். சல்லடை கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஜூன் 28

மறுபடியும் அதே முடிவு, முட்டைகள் பொரிக்கவில்லை. எங்கள் ஆய்வுப் பண்ணை மாடுகள்மேல் பூசியும் பார்த்தாயிற்று, தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி வெளியே ஒரு தொழுவத்தில் பார்க்கலாம் என்கிறார் சல்லடை. எந்தத் தொழுவம் என்று அவர் கேட்கவில்லை. இன்னும் ஒரு வாரத்தில் செவலை ஈனும், பிறகு அத்தான் டப்பாவை இறக்குவார். போகணும். பயமா இருக்கு.

ஜூலை 1

போனேன். தொழுவத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் அக்கா. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ உண்ணி சாகாதா?"

"சாகாது. முட்டை பொரிக்காது. மெல்ல மெல்லத்தான் குறையும்."

"அதுவரைக்கும் செவலை அதுங்களோட குடித்தனம் நடத்தணுமா?"

"ஆமாக்கா."

நான் கொண்டுபோன புதுப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தானே பூசிவிட்டாள். "உக்காரு."

கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்தேன். மற்ற மாடுகளைக் கறந்து, பாலை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு அவள் திரும்பி வரும்வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வந்தாள். என் கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, அழுத்தினாள், தேய்த்தாள். சிவக்கவில்லை.

"மடிப் பக்கம் போகாத. காதுல ஆரம்பி" என்றாள். போய், செவலையின் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.